உள்ளிருந்து இழுப்பவர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஏரி நடுவே கிடக்கும் எங்கள் சேசேத் தீவு முழுக்கத் தெரியும். என் தையலைக் குறை சொன்னவன் எவனும் என் வாயில் விழாமல் தப்பியதில்லை. குறை சொல்லும்படி நான் தைத்ததில்லை என்றுதான் போன மழைக்காலம் வரை நினைத்திருந்தேன்.

படகு தைக்க இரண்டு பேர் வேண்டும். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் பலகை ஓரங்களில் துளை துளையாகக் கண் சுட்ட பிறகு, வெளியே நிற்பவன் ஊறவைத்த ஈச்சநாரை நுழைப்பான். உள்ளே இருப்பவன் பலகையில் காலை ஊன்றி, இழுத்து இறுக்கி, அடுத்த கண் வழியாகத் திருப்பித் தருவான். ஒருவன் முகம் மற்றவனுக்குத் தெரியாது, விரல் நுனிதான் தெரியும். வெளியே நான், லுவெம்பா. உள்ளே இருப்பவர், செத்துப்போன என் அக்காவின் புருஷன் வலுகெம்பே. இருபது வருடமாக அப்படித்தான்.

போன மழைக்கு முன்னால் நாங்கள் தைத்துக் கொடுத்த படகில் அவருடைய ஒரே மகன் லுமாலா வாழைத்தார் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் புறப்பட்டான். நடு ஏரியில் அடிப்பலகைத் தையல் விட்டுப்போய், போனவன் போனவன்தான். உடன் துடுப்புப் போட்டவர்கள் இரண்டு பேர் பலகையைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தார்கள். ஏரிச்சாமி முகாசாவுக்குப் பழம் போடாமல் லுமாலா கிளம்பினான், கேட்டதற்குச் சிரித்தான் என்று இருவரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். சாமியே தையலை அவிழ்த்துவிட்டது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. எங்கள் கையை ஒருவரும் சந்தேகப்படவில்லை.

அவன் போன நாலாவது மாதம் அவன் மனைவி நாகிரிஜாவுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. சாமி கோபத்தில் செத்தவன் பெயரை எங்கள் தீவில் எந்தக் குலத்திலும் பிள்ளைக்கு வைக்கமாட்டோம். அந்தப் பெயர் அத்தோடு போயிற்று. பெயர் வைப்பதற்கு முந்தின நாள் நாங்கள் புதுப் படகு தைத்துக்கொண்டிருந்த இடத்துக்கு அவள் வந்தாள். மாமனாரோடு மருமகள் பேசக்கூடாது. அவர் உள்ளே இருப்பது தெரிந்தும் என்னிடம்தான் பேசினாள்.

"பெரியப்பா, நாளைக்குப் பேரு வைக்கிறாங்க. அவரு பேரு கூடாதுன்னுட்டாங்க. சாமியப் பாத்துச் சிரிக்கிற ஆளா அவரு? நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாங்க."

"நான் என்னம்மா சொல்றது. பாக்கலாம், போ."

அவள் போன பிறகு எனக்குக் கை ஓடவில்லை.

"மாப்ளே, மிச்ச நாரையும் உள்ள விடு. காயுதில்ல" என்றார் வலுகெம்பே.

"மச்சான், ஒண்ணு சொல்றேன். கேட்டுட்டு என்ன வேணா பண்ணுங்க" என்றேன். "பையன் போன படகுக்குக் கடைசி நாள் ஊறப்போட்ட நார் பத்தல. அடுப்புக்கு மேல போன வருஷத்து நார் தொங்கிச்சு. யாருக்குத் தெரியப்போகுதுன்னு அந்தக் காஞ்ச நார ஊறவைக்காமயே எடுத்து ஓட்டிட்டேன். ஒரு பதினோரு கண்ணு இருக்கும்."

அவர் விரல் நாரின் முனையைப் பிடித்தபடியே இருந்தது. வெளியே வந்து என்னை அடிப்பார் என்று நின்றேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"பதினொண்ணு இல்ல. பதிமூணு" என்றார்.

நான் பலகைக்கு இன்னும் கிட்டே போனேன்.

"இழுக்கிறவன் நான்தானே. மொதக் கண்ணுலயே தெரிஞ்சுபோச்சு. காஞ்ச நாருக்கு ஒரு சத்தம் உண்டு. எண்ணிக்கிட்டேதான் இழுத்தேன்."

வெட்கங்கெட்ட எனக்கு அப்போதும் கோபம்தான் வந்தது. "தெரிஞ்சுமா வாய மூடிக்கிட்டு இருந்தீங்க? சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

"சொன்னா நீ கம்பிய வீசிட்டுப் போயிடுவ. அதுக்கு முந்தின படகுல ஒரு முடிச்சு சரியில்லன்னேன், எட்டு நாள் எட்டிப் பாக்கல. பையன் வேற கரையில நின்னுக்கிட்டு எப்ப எறக்கலாம், எப்ப எறக்கலாம்னு உசிர வாங்கினான். ஒரு தடவ போயிட்டு வரட்டும், வந்ததும் பிரிச்சுத் தைச்சுக்கலாம்னு நெனச்சேன்."

நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். என் வாய்க்குப் பயந்து ஒரு மனுஷன் தன் பிள்ளையைத் தண்ணீரில் விட்டிருக்கிறார். பலகைக்கு அந்தப் பக்கம் அவர் அழுவது கேட்டது. இந்தப் பக்கம் நான் அழுதேன். பாதி ஏறிய நார் அப்படியே காய்ந்துபோனது.

மறுநாள் குலப்பெரியவர்கள் முன்னால் எழுந்து நின்று என் நாரைப் பற்றிச் சொன்னேன். இழுத்தது நான், தெரிந்தே இழுத்தேன் என்று வலுகெம்பேயும் சொன்னார்.

"அப்ப அவன் சாமிக்குப் பழம் போட்டானா, இல்லையா?" என்று மூத்தவர் கேட்டார்.

"போட்டிருந்தாலும் அந்த நார் தாங்கியிருக்காதுங்க" என்றேன்.

உச்சிவெயில் வரை பேசினார்கள். கடைசியில் பிள்ளைக்கு லுமாலா என்றே பெயர் வைத்தார்கள். வாழைக்கள் சுற்றி வந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்தப் பெயரை ஆளுக்கொரு தடவை வாய்விட்டுச் சொன்னார்கள். எங்கள் இருவருக்கும் யாரும் கள் ஊற்றவில்லை, அது நியாயம்தான்.

நாகிரிஜா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அக்கரையிலிருக்கும் அம்மா வீட்டுக்குப் புறப்பட்டாள். கரையில் ஐந்து படகுகள் கிடந்தன. ஐந்தும் நாங்கள் தைத்தவை.

"வாம்மா, இதுல ஏறு. போன மாசந்தான் தைச்சது, புது நார். நானே துடுப்புப் போடுறேன்."

அவள் படகின் தையலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"வேணாம் பெரியப்பா."

மூன்று நாள் கரையோரத்து மரத்தடியிலேயே பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் வேற்றுத் தீவிலிருந்து மீன் விற்க ஒரு படகு வந்தது. இறங்கியவனிடம் இதைத் தைத்தது யார் என்று அவள் கேட்டாள். அவன் யாரோ இரண்டு பேரின் பெயரைச் சொன்னான். அதற்குப் பிறகுதான் ஏறினாள்.