ஹாரன் அடிக்கும் வரை

காலை எட்டு மணிக்கே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புருஷன் வேன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, முதுகை லேசாக வளைத்து, "வாங்க, வாங்க, பாத்து ஏறுங்க" என்றார். கட்டின பெண்டாட்டியை 'வாங்க' என்று கூப்பிட்டது அந்த வாய்க்கு உறைக்கவே இல்லை. இருபத்திரண்டு வருஷமாகத் தீவுக்கு வருகிறவர்களை ஏற்றி இறக்கிய வாய் அது. அவசரமே படமாட்டார் என்பதால் மற்ற டிரைவர்கள் அவரை நத்தை என்பார்கள். அந்த நத்தையை நம்பித்தான் வெளிநாட்டு ஜோடிகள் எல்லாம் ஆளில்லாத மூலைகளைத் தேடிப் போவார்கள்.

அவள் வேலை ஓட்டல் சலவைக்கூடத்தில். வீடு, ஓட்டல், படகுத்துறை, இதைத் தாண்டி அவள் எதையும் பார்த்ததில்லை. ஆனால் தீவின் மணல் முழுக்க அவளுக்கு அத்துப்படி. விருந்தாளிகளின் துண்டை உதறினால் வெள்ளை மணல் ஒரு நாள், கறுப்பு மணல் ஒரு நாள், கிளிஞ்சல் துகள் ஒரு நாள்.

போன வாரம் அவள் நேராகவே சொல்லிவிட்டாள். "அக்கரைக்கு மகள்கிட்டப் போறேன். திரும்பி வரமாட்டேன். இந்த வீட்டுல சுவத்தோட பேசி எனக்கு அலுத்துப்போச்சு."

அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். "ஒரே ஒரு நாள் குடு. ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் சுத்திக் காட்டினேன், உனக்குக் காட்டல. அதைப் பாத்துட்டு முடிவு பண்ணு."

அந்த ஒரு பேச்சில் அவள் மனசு கொஞ்சம் இளகியது உண்மை. சரி என்றாள். ஆனாலும் நாளைக் காலைப் படகுக்கு எடுத்த டிக்கெட்டைப் பையை விட்டு எடுக்கவில்லை.

முதல் இடம் அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன உப்பங்கழி. தண்ணீர் அசையவே இல்லை. ஆஹா என்று அவள் மூச்சு விடுவதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார். "இங்க அலைச் சத்தம் கேக்காது. கேட்டா காசு வாபஸ்." சொல்லிவிட்டு அவள் சிரிப்பதற்காக மூன்று விநாடி நிறுத்தினார். யாரிடமோ சிரிப்பு வாங்கிப் பழகிய நிறுத்தம் அது.

"இந்தக் கறுப்பு மணலை எத்தனை துண்டிலேர்ந்து உதறியிருக்கேன் தெரியுமா?" என்றாள்.

"அப்படியா? அடுத்த இடம் இன்னும் நல்லா இருக்கும்" என்று கடிகாரத்தைப் பார்த்தார்.

அடுத்தது இடிந்துபோன பழைய கலங்கரை விளக்கம். "பத்து நிமிஷம். போட்டோ எடுக்கிறவங்க எடுத்துக்கலாம்." எடுக்கிறவங்களாம். அங்கே அவளும் ஒரு பூனையும்தான் இருந்தார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மத்தியானம் கடைசி இடத்துக்கு வந்தார்கள். பாறைகள் இரண்டு பக்கமும் அணைத்திருந்த, கை அகல வெள்ளைக் கடற்கரை. இங்கே பேசிவிடலாம், மகள் வீட்டைப் பற்றி இல்லை, நம்மைப் பற்றி என்று அவள் நினைத்தாள். தட்டையான ஒரு பாறையைத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த மணலை முந்தானையால் துடைத்து இன்னொருவருக்கும் இடம் செய்தாள். திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை.

தண்ணீர் பாட்டில் எடுக்கப் போயிருப்பார் என்று இருந்தாள். கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று. பிறகு எழுந்து மேட்டில் ஏறினாள். மரங்களுக்கு அப்பால், மர நிழலில் வேன். சீட்டைச் சாய்த்து, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு, நத்தை குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

டிரைவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. கடற்கரையில் விருந்தாளியோடு உட்காரக் கூடாது. ஒரு மணி நேரம் கண்ணில் படாமல் ஒதுங்கி நின்று, நேரமானால் ஹாரன் அடிக்க வேண்டும். மனுஷன் கால் தானாக அந்த வழியே போயிருக்கிறது.

அவள் விடுவிடுவென்று வேனுக்கு நடந்தாள். சாவியை உருவினாள். துண்டைப் பிடுங்கினாள்.

"என்ன, டைம் ஆயிடுச்சா?" என்று எழுந்தவர், எதிரில் இருப்பது யார் என்று புரிந்ததும் அவசரமாகச் சீட்டை நிமிர்த்தினார். "ஐயோ, பழக்கதோஷம்மா..."

"எறங்குங்க."

"நான் வேணும்னு..."

"எறங்குங்கன்னேன். அந்தப் பாறையில போய் உக்காருங்க. ஒரு மணி நேரம். நான் ஹாரன் அடிப்பேன்."

அவர் போனார். அவள் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கிளைகளுக்கு நடுவே அவர் தலை மட்டும் தெரிந்தது. மூன்று தரம் திரும்பிப் பார்த்தார். ஒரு தரம் கையை ஆட்டி வா என்றார். அவளுக்கு இறங்கி ஓடவும் தோன்றியது, கல்லை எடுத்து எறியவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒரு மணி ஆனதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹாரனை அழுத்தினாள்.

அவர் மெதுவாக மேடேறி வந்தார். கால்சட்டையெல்லாம் வெள்ளை மணல்.

"அந்தப் பாறையில ஒரு இடம் துடைச்சிருந்துச்சு" என்றார். "எனக்கா?"

"ஆமா."

"நீ வருவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். வரவே இல்ல."

"நானும் அப்படித்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். இருபத்திரண்டு வருஷமா."

அவள் சாவியை அவர் கையில் வைத்தாள். அவர் முன்பக்கக் கதவைத் திறந்து பிடிப்பதற்குள், பின் கதவைத் தானே திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"நாளைக்கு ஆறரைக்குப் படகு" என்றாள். "வண்டியை நேரத்துக்குக் கொண்டாந்துடுங்க, டிரைவர்."