அடைகாத்த மணி

சைக்கிளின் உயிர் மணிதான். சக்கரங்கள் அதைத் தூக்கிக்கொண்டு போவதற்காகச் சேர்க்கப்பட்டவை. இதை நான் கல்லூரி விடுதியில் ஐயந்திரிபற நிரூபித்திருக்கிறேன்.

எங்களுக்குப் பிரெஞ்சு கற்பித்த வெளிநாட்டுப் பாதிரியார் ஜூலியான் சாமியார் மட்டும் ஒப்பவில்லை. அவருடைய நாட்டு மலைச்சாலைகளில் காலையில் கிளம்பினால் மாலைவரை மணியைத் தொடவே வேண்டாமாம். இங்கே அவ்வளவு கேட்கவில்லை, சித்தையன்கோட்டையிலிருந்து ஆத்தூர்வரை மணியடிக்காமல் போனால் போதும் என்று இறங்கிவந்திருந்தார். வருஷக்கணக்காக முயன்றும் வாய்க்கவில்லை. குழியில் மணி தானாகச் சிணுங்கினாலும் தோல்விதான் என்று உள்ளங்கையால் பொத்திக்கொண்டே ஓட்டுவார். கோழி அடைகாப்பதுபோல அதை நடித்துக் காட்டி நான் விடுதியில் புகழ் பெற்றேன்.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும், சாட்சியாக நானும் வாடகை சைக்கிளில் போனேன். தென்னந்தோப்பு, எதிரே மலை, சாலையில் ஈ காக்கை இல்லை. சாமியாரின் தாடிக்குள் ஒரு பையன் சிரித்தான்.

ஆத்தூர் தெரிகிற இடத்தில், நடுரோட்டில் ஒரு மாட்டுவண்டி. வண்டிக்காரர் நல்ல உறக்கம்.

"போச்சு சாமி, அடிச்சிருங்க."

"வேற வழியில்லை அப்பு," என்றார். கை மணிக்குப் போனது.

எனக்கு என்ன வந்ததோ. "செத்த இருங்க" என்று முந்திப் போய், சைக்கிளைச் சாய்த்துவிட்டு, மூக்கணாங்கயிற்றைப் பிடித்து மாடுகளை ஓரங்கட்டினேன். வண்டிக்காரர் புரண்டுகூடப் படுக்கவில்லை. சாமியார் சத்தமில்லாமல் கடந்து போனார்.

மீதி ரோடு குண்டும் குழியுமாக இருந்தது. நான் என் மணியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அவர் பின்னால் மிதித்தேன்.