தெங் வம்சத்துச் சுத்த ரத்தம்

"ராங் நம்பர்!" என்று கத்திவிட்டுப் பெரியவர் தெங் கைப்பேசியை மேஜைமேல் அடித்துவைத்தார். மூன்று நாளில் இது மூன்றாவது அழைப்பு.

மூடிய அறைக்குள் மருமகள் யுன்ஷியா நிமிர்ந்தாள். பிள்ளை பெற்ற மாதம் முடியும்வரை வாசல் தாண்டக் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது, காற்றுப் படக் கூடாது. கேள்வி கேட்கக் கூடாது என்பதை யாரும் தனியாகச் சொல்லவில்லை.

"யாரு மாமா? குதிகால் ரத்தம்னு காதுல விழுந்துச்சே?"

"மாவட்ட ஆஸ்பத்திரி. பாப்பா பொறந்தப்ப குதிகால்ல குத்தி எடுத்த ரத்தத்துல ஏதோ கொறையாம். பதினெட்டுத் தலைமுறை வம்சப் புத்தகம் என் அலமாரில இருக்கு. எவன் ரத்தத்துலயாவது கொறைன்னு எழுதியிருக்கா? இருந்தா அது உங்கப்பன் வீட்டுச் சரக்கு!"

அந்தப் புத்தகத்தில் பெண் பிள்ளைகளை எழுதுவதே இல்லை. படித்தால், பதினெட்டுத் தலைமுறையாக ஆண்களே ஆண்களைப் பெற்றதுபோல் இருக்கும்.

குழந்தைக்குப் பதினாறு நாள். உடம்பின் மஞ்சள் நிறம் இன்னும் தெளியவில்லை. பால் குடிக்கும்போதே தூங்கிப்போகும், அழக்கூடத் தெம்பில்லை. "என்ன அடக்கம்! பொண்ணுன்னா இப்படி இருக்கணும்" என்று பெரியவர் தெருவெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்தார்.

அவர் சதுரங்கம் ஆடப் போனதும், யுன்ஷியா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பிள்ளையை மார்போடு அணைத்தபடி, இரண்டு தெரு தள்ளியிருந்த சுகாதார நிலையத்துக்கு நடந்தாள். அங்கே டாக்டர் லுவோ என்ற அம்மாள் போன் வந்த கதையைக் கேட்டு, குழந்தையின் நாக்கையும் வயிற்றையும் பார்த்துவிட்டு, உடனே மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்.

"தைராய்டு சுரப்புக் கொறைவு. மூணு தடவ கூப்பிட்டோம், ராங் நம்பர்னுட்டாங்க. ஃபைல மூடிட்டோம்" என்றது எதிர்முனை.

"இந்தப் புள்ளைக்குத் தடுப்பூசி போடறதே நான்தான். எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"அதுக்கு எங்க படிவத்துல கட்டம் இல்லியே, டாக்டர்."

ஒரு கட்டம் போட மறந்துபோனார்கள். அதற்காக, அந்தச் சுரப்பு இல்லாமல் வளராத ஒரு சிசுவின் மூளை பொறுத்திருக்க வேண்டுமாம்.

அன்றே மறுபடி ரத்தம் எடுத்து மாத்திரையைத் தொடங்கினார் டாக்டர். "தினமும் பொடிச்சு, தாய்ப்பால்ல கரைச்சுக் குடும்மா. ரெண்டு வாரத்துல இங்கயே தூக்கிட்டு வா, இனிமே நான் பாத்துக்கறேன். இது யார் வீட்டு ரத்தமும் இல்ல. கழுத்துல ஒரு சுரப்பி சரியா உருவாகல, அவ்வளவுதான்."

மாதம் முடிந்த விருந்தன்று பெரியவர் கிசுகிசுத்தார்: "ஆளுங்க முன்னால மாத்திரைய எடுக்காத. நாளைக்கு இவள எவன் கட்டுவான்?"

யுன்ஷியா, பிள்ளை பிறந்ததற்காகச் சிவப்புச் சாயமிட்டு வைத்த முட்டைத் தட்டை ஒதுக்கிவிட்டு, நடு மேஜையருகே உட்கார்ந்து, கரண்டியில் மாத்திரையை நறநறவென்று பொடித்தாள்.

"என்னம்மா அது?" என்றார் ஒரு விருந்தாளி.

"தைராய்டு மாத்திரைங்க. குதிகால் ரத்தத்துல கண்டுபிடிச்சு மாமாவுக்கு மூணு தடவ போன் பண்ணாங்க. அவருதான் ராங் நம்பர்னுட்டாரு."

சாப்பிடும் குச்சிகள் அந்தரத்தில் நின்றன. பெரியவர் மேஜைமேல் இருந்த கைப்பேசியை எடுத்துச் சட்டைப்பைக்குள் ஒளித்தார்.

பின்கட்டில் எதிர்வீட்டு மருமகள் அவளை மடக்கினாள். அந்த மருமகளின் முதுகில் கட்டிய துணியில் ஐந்து வாரக் குழந்தை சத்தமில்லாமல் கிடந்தது.

"அக்கா... எங்க வீட்டுக்கும் போன் வந்துச்சு, எங்க மாமாவும் ராங் நம்பர்னுட்டாரு. அந்த டாக்டரம்மா எத்தன மணி வரைக்கும் இருப்பாங்க?"

யுன்ஷியா தன் பிள்ளையைத் தோளில் மாற்றிக்கொண்டு, விருந்து நடந்துகொண்டிருந்த கூடத்தின் நடுவாகவே அவளைக் கைப்பிடித்துச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனாள்.