அபிநயா பேசிய இங்கிலீஷ்

இளவரசன் தினமும் பத்து இங்கிலீஷ் வார்த்தைகளை மனப்பாடம் செய்தான். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை. டீம் லீடர் பதவிக்கு இண்டர்வியூ வரப்போகிறது என்றிருந்தார்கள். கூரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் போகிற வழியெல்லாம் போனும் வார்த்தைகளும்தான். நாலு மாதத்தில் ஆயிரத்தைத் தாண்டிவிட்டான்.

அவன் மனைவி அபிநயா காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் விற்பனைக்கு நின்றாள். பத்தாவது படித்தவள். வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் மேனேஜர் அவளைத்தான் கூப்பிடுவார். "மேடம், யூ வியர், சாரி வெரி ஹேப்பி" என்பாள். அவர்கள் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள். வீட்டுக்கு வந்து அதை அவனிடம் நடித்துக் காட்டுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிப்போக வந்தவன் பக்கத்திலேயே நின்றான். வெள்ளைக்காரம்மா ஒருவரின் தோளில் புடவையைப் போட்டு, அபிநயா வழக்கமான அந்த 'வெரி ஹேப்பி'யையே சொன்னாள்.

"அப்டி இல்ல அபி. இட் காம்ப்ளிமென்ட்ஸ் யூ எக்ஸ்க்விசிட்லின்னு சொல்லணும்."

காலையில்தான் படித்த வார்த்தை, அற்புதமாக என்று அர்த்தம். சத்தமாகவே சொன்னான். அபிநயா சொல்லிப் பார்த்தாள். பாதியில் நாக்கு குழறியது. கடைப்பெண்கள் சிரித்தார்கள். அந்தம்மா புடவையை மெதுவாகக் கீழே வைத்தார்.

மறுநாளே கூட வேலை செய்யும் அம்சவேணி, "எக்ஸ்க்விசிட் வந்துக்கினு இருக்குது பாரு" என்று ஆரம்பித்தாள். அந்த வாரமே அபிநயா மேனேஜரிடம் கேட்டு, விற்ற புடவைகளை மடித்துப் பையில் போடும் இடத்துக்கு மாறிக்கொண்டாள். இளவரசனுக்கு அது ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

"நான் அன்னிக்கு வாயத் தொறந்திருக்கக் கூடாது அபி."

"நீங்க சொன்னது கரெக்ட்டுதானே. வுடுங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் அவனுக்குத் தேவலை.

டீம் லீடர் வேலை கிடைத்தது. இண்டர்வியூவில் பாதிக்கு மேல் தமிழில்தான் கேட்டார்கள்.

போன வாரம் இருவரும் கைலாசநாதர் கோயிலுக்குப் போனபோது ஒரு வெளிநாட்டு ஜோடி வந்து பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டது. முன்பெல்லாம் அபிநயாதான் கையை ஆட்டி ஆட்டி முதலில் பேசுவாள். அவளே பேசட்டும் என்று இளவரசன் வேண்டுமென்றே சும்மா நின்றான்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீங்களே சொல்லுங்க. எனக்குத் தப்புத் தப்பா வரும்."