வயலுக்கு மேலே நின்றது

முத்துலிங்கம் "பங்கருக்கு ஓடுங்கோ!" என்று கத்தியபோது, சுதாஜினியின் கழுத்துக்கும் தாலிக்கும் இடையில் ஒரு சாண்கூட இருக்கவில்லை.

இடம்பெயர்ந்த சனம் முரசுமோட்டைக்குத் திரும்பி வந்த அடுத்த வருடம் அது. ஊரில் முத்துலிங்கத்தின் சொல்லுக்குத் தனி மதிப்பு. அரிசி ஆலையில் எஞ்சினோடு பழகிய காது. வருவது குண்டு போடும் கிபிர் விமானமா, ஹெலிகொப்டரா என்று மற்றவர்களுக்குக் கேட்கும் முன்னரே சொல்லிவிடுவார். அவர் சொல்லி ஓடி உயிர் தப்பியவர்கள் அந்தக் கலியாணப் பந்தலிலேயே இருந்தார்கள். அதனால் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. மாப்பிள்ளை பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினான். ஐயர் தாலித் தட்டத்தை நெஞ்சோடு அணைத்தபடி குழிக்குள் இறங்கினார். அடுப்பில் பாயசம் அடிப்பிடித்தது.

முத்துலிங்கம் மட்டும் வெளியே நின்றார். வயலுக்கு மேலே, கவிழ்த்த தாம்பாளம் போல வெள்ளியாய் ஒன்று அசையாமல் நின்றது. இறக்கை இல்லை. சத்தம் இல்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நேராக மேலெழும்பி நீலத்துக்குள் கரைந்துபோயிற்று.

சனம் மண்ணைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தபோது முகூர்த்தம் தவறியிருந்தது.

"என்ன வந்தது?" என்று மாப்பிள்ளையின் தகப்பன் தவராசா கேட்டார்.

தெரியாது என்று சொல்ல வாயெடுத்தார் முத்துலிங்கம். இத்தனை பேர் தன் முகத்தையே பார்த்து நின்றார்கள். "ஹெலி ஒண்டு," என்றார்.

"சத்தமில்லாத ஹெலியோ? எங்களுக்குப் போட்ட பெற்றோல் தடை ஆமிக்கும் வந்திட்டுதோ காணும்? சைக்கிள் மாதிரி உழக்கிக்கொண்டு போறாங்களோ?"

பந்தலே சிரித்தது. முத்துலிங்கம் தலையைக் குனிந்துகொண்டு போய்த் தெருவோரப் பிள்ளையார் கோயில் வாசலில் இருந்தார். நாள்தோறும் தானே விளக்கேற்றும் சாமியை நிமிர்ந்து பார்க்கக் கூசியது. கத்தியது பொய்யில்லை. பிறகு சொன்னது பொய். இனி உண்மையாகவே கிபிர் வந்து அவர் கத்தினால் யார் ஓடுவார்கள்?

பெண்ணின் தாய் நேசமலர் செம்பில் மோரோடு வந்தாள்.

"குடியுங்கோ அண்ணை. காலமையிலயிருந்து வெறும் வயிறு."

"உன்ர பிள்ளையின்ர நல்ல நேரத்தைக் கெடுத்துப்போட்டன், தங்கச்சி."

"மத்தியானத்துக்கு முன்னம் இன்னொரு நேரம் இருக்காம். சம்பந்தி ஆக்கள்தான் திரும்ப மணவறையில இருத்தப் பயப்பிடினம். உண்மையில என்னண்ணை கண்டனீங்கள்?"

அவர் கண்டதைக் கண்டபடி சொன்னார். "என்னெண்டு தெரியேல்லை. தெரியாதெண்டு சொல்ல வெக்கமாக் கிடந்துது."

"அப்ப அதையே வந்து சொல்லுங்கோ," என்றாள் அவள். அவர் மோரைக் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

பந்தலுக்குள் எல்லோர் முன்னாலும் நின்று அவர் சொன்னார். "ஹெலி எண்டது பொய். ஒண்டு கண்டனான். அது என்னெண்டு எனக்குத் தெரியாது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

"தெரியாத ஒண்டுக்கோ எங்களை ஓட விட்டனீர்?" என்றார் தவராசா.

"தெரியாதபடியாத்தான் ஓடச் சொன்னனான்."

தவராசா எழுந்து, தான் இருந்த கதிரையைத் தூக்கிக்கொண்டு போய், வானம் நன்றாகத் தெரிகிற இடத்தில் வைத்தார்.

"மேளம் அடிக்கேக்க காது உதவாது. இதில இருந்து கண்ணால பாரும். கத்தினீரெண்டால் ஓடுவம்."

முத்துலிங்கத்தின் முகம் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. கும்பிட்டுவிட்டுக் கதிரையில் இருந்தார். பின்னால் கெட்டிமேளம் எழுந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.