பெரும்பான்மை வாத்து

பல் டாக்டருக்கு யாரைப் பார்த்தாலும் முதலில் வாயில்தான் கண் போகும். பறவை பார்க்கப் போனாலும் அப்படித்தான். அலகைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். நீர்ப்பறவைச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். செயலாளர் அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன், இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். மாப்பிள்ளையைவிட ஒரு சாண் நீளமான தொலைநோக்கி வைத்திருந்தார். பார்வைதான் அதே பழைய பார்வை.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு காலை, ஏரியெங்கும் மூடுபனி. வலசை வந்த சாம்பல் நிறக் காட்டு வாத்துகளின் நடுவே ஒன்று மட்டும் வெளுப்பாக மிதந்தது. டாக்டர் உடனே போனை எடுத்தார். "துருவத்து வெண்வாத்து! இந்தப் பக்கம் யாரும் பார்த்ததே இல்ல!" என்று சங்கத்து வாட்ஸப் குழுவில் குரல் பதிவு போட்டுவிட்டார்.

மதியத்துக்குள் கரையில் நிற்க இடமில்லை. இன்னும் கலையாத பனியில் தெரிந்தது ஒரு வெள்ளைப் புள்ளிதான். அந்தப் புள்ளியின் கண்ணிமை என்ன நிறம் என்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியை சொன்னார். அது ஆண்தான் என்றார் போட்டோ ஸ்டூடியோக்காரர். நெடும்பயணத்தின் சோகம் அதன் முகத்தில் தெரிகிறது என்றார் மச்சான்.

மறுநாள் காலை கிளினிக் திறக்கும் முன் டாக்டர் தனியாகப் போனார். பனி விலகியிருந்தது. வாத்து கரையோரம் மேய்ந்தது. அசல் வெண்வாத்துக்கு அலகோரம் கறுப்புக் கோடு ஒன்று ஓடும், இளிப்பதுபோல. இதற்கு இளிப்பே இல்லை. தொங்கும் தொப்பை, கட்டைக் கால், பழுத்த ஆரஞ்சு அலகு. அப்பா காட்டு வாத்து. அம்மா ஏதோ பண்ணையில் முட்டையிட்டுக் கொண்டிருந்தவள்.

மாலையே கிளினிக்கில் கூட்டம் கூட்டினார்.

"தப்பு என்னோடது. அவசரப்பட்டுட்டேன். அது கலப்பு வாத்து."

ஆனால் அதற்குள் தலைமையாசிரியை வானொலிக்குப் பேட்டி கொடுத்தாகிவிட்டது. ஸ்டூடியோக்காரர் அந்த வாத்துப் படம் போட்ட காலண்டரை அச்சுக்கு அனுப்பியாகிவிட்டது.

"மாப்ள, நீங்க வேற ஏதோ வாத்தப் பார்த்திருப்பீங்க" என்றார் மச்சான்.

"அதேதான் மச்சான். பக்கத்துல நின்னு பார்த்தேன்."

"பக்கத்துல போனா அப்படித்தான் தெரியும்!"

"நம்ம பறவைய நம்ம தலைவரே இப்படிக் கேவலமா பேசலாமா?" தலைமையாசிரியைக்குக் கண் கலங்கிவிட்டது.

"எதுக்கு வம்பு? அசல்னு நினைக்கறவங்க கை தூக்குங்க" என்றார் மச்சான். டாக்டரைத் தவிர எல்லோரும் தூக்கினார்கள். தூக்கிய கை இறங்குவதற்குள் மச்சானைத் தலைவராக்கியும் முடித்துவிட்டார்கள்.

"எங்க அண்ணனுக்குக் காக்காவும் குயிலும் ஒண்ணு. அவர்கிட்டயா தோத்துட்டு வந்தீங்க?" என்றாள் வீட்டில் மனைவி. பிறகு அவர் முகத்தைப் பார்த்து, "ஞாயித்துக்கிழமை நானும் வர்றேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கரை நெடுகத் தொலைநோக்கி முக்காலிகள். எல்லோரும் ஒற்றைக் கண்ணை மூடி அக்கரையைத் துழாவிக் கொண்டிருந்தார்கள். வாத்தோ தண்ணீரிலிருந்து ஏறி, முக்காலிகளுக்கிடையே ஆடி ஆடி நடந்து, மச்சானின் பையில் தலையை விட்டு ரொட்டியைத் தேடியது.

"யாருப்பா இந்தப் பண்ணை வாத்த இங்க விட்டது? மறைக்குது, விரட்டுங்க!" என்று தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் கத்தினார் மச்சான்.

டாக்டர் வாயைத் திறந்தார். மனைவி அவர் கையைப் பிடித்து அழுத்தினாள்.

ரொட்டி தீர்ந்ததும் வாத்து தண்ணீருக்குத் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் சாம்பல் கூட்டம் எதற்கோ மிரண்டு எழும்ப, இதுவும் தண்ணீரை அடித்துக்கொண்டு ஓடி, தொப்பையைத் தூக்க முடியாமல் தூக்கி, கடைசியில் வானத்தில் வரிசையோடு சேர்ந்துகொண்டது.

"அதோ! வெண்வாத்து!" கேமராக்கள் படபடத்தன. தலைமையாசிரியை கை தட்டினார்.

"பண்ணை வாத்துன்னீங்க, பறக்குதே?" என்றாள் மனைவி.

"பாதிதான் பண்ணை" என்றார் டாக்டர். வரிசை கண்ணுக்கு மறையும்வரை அவரும் பார்த்துக்கொண்டே நின்றார்.