மடிக்கிற கை

எங்கள் ஜவுளிக்கடையில் விற்கிற பெண்களுக்கும் நாற்காலி உண்டு. உட்கார விடவேண்டும் என்று கேரளத்தில் சட்டம் வந்ததும் முதலாளி வாங்கிப் போட்டார். நல்ல நாற்காலி, குஷன் வைத்தது. உட்கார்ந்தால் மட்டும் ஃப்ளோர் மேனேஜர் ரெஜிக்குக் கண் சிவந்துவிடும். சட்டம் நாற்காலி வாங்குவதோடு தீர்ந்துபோனது.

இன்னொரு சட்டமும் இருக்கிறது. பதினாலு முடிந்து பதினெட்டு ஆகாத பிள்ளைகளைக் கடையில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, ராத்திரி ஏழுக்கு மேல் வைத்திருக்கவே கூடாது. சாலைக்கடைத் தெருவில் ஏழு மணிக்குத்தான் ஜவுளிக்குக் கூட்டமே ஏறும். அதனால் லேபர் ஆபீசர் வந்தால் என்ன செய்வது என்று எங்களுக்கு நன்றாகவே பழக்கி வைத்திருந்தார்கள். கீழே கேஷில் இருப்பவர் மைக்கில், "செகண்ட் ஃப்ளோருக்குத் தண்ணி" என்பார். உடனே சின்னப் பிள்ளைகள் யூனிஃபார்ம் கோட்டைக் கழற்றிக் கவுண்டருக்கு அடியில் திணித்துவிட்டு, ஆளுக்கொரு பையோடு கஸ்டமர் நாற்காலியில் போய் உட்கார வேண்டும். நாங்கள் பெரியவர்கள் அவர்களுக்குச் சேலை எடுத்துக் காட்டுவோம். பாவம், அந்த நேரத்தில்தான் அதுகளின் காலுக்கு ஓய்வு.

சுடலைமாடத்தி வந்தது ஓணத்துக்கு முன்னால். பதினைந்து வயது. பணகுடிப் பக்கம், என் ஊரும் அங்கேதான், முதலாளி கோமதிநாயகம் அண்ணாச்சியின் ஊரும் அங்கேதான். கடை ஹாஸ்டலில் என் பக்கத்துப் பாயில் படுத்துக்கொள்வாள். காலெல்லாம் வீங்கியிருக்கும். ஒருநாள்கூட ஊருக்குப் போகவேண்டும் என்று சொன்னதில்லை. எனக்கு அது அதிசயமாக இருந்தது, கேட்டுவிட்டேன்.

"ஊர்ல மாமா இருக்காவல்லா யக்கா" என்றாள்.

மாமா என்றால் தாய்மாமன் வன்னியபெருமாள். லாரி ஓட்டுகிறவன். இவளைவிட இரண்டு மடங்கு வயது. இவள் பத்தாவதில் ஃபெயிலானதும் கல்யாணப் பேச்சை எடுத்துவிட்டார்கள். அம்மாதான், கொஞ்ச நாள் சம்பாதிக்கட்டும் என்று தள்ளிவிட்டு இங்கே அனுப்பியிருக்கிறாள்.

"பதினெட்டு ஆகுத வரைக்கும் இங்கன கெடந்துட்டேன்னா போதும். பொறவு வேண்டாம்னு நானே சொல்லிருவேன். என்னை ஊருக்கு மட்டும் அனுப்பிராதிய."

நானா அனுப்புகிறேன்? ஆனாலும் சரி என்றேன்.

கிறிஸ்துமஸ் கூட்டத்தில் ஒருநாள் ராத்திரி எட்டு மணிக்கு மைக் தண்ணீர் கேட்டது. மாடத்தி என் கவுண்டருக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். நான் நாலைந்து சேலையை அவிழ்த்துப் போட்டேன். ஷிஜா என்ற லேடி ஆபீசர் மேலே வந்தார். ரெஜி வாயெல்லாம் பல்லாகக் கூடவே வந்தான். அவர் எல்லாக் கவுண்டரையும் பார்த்தார், திரும்பிப் போகப் போனார். அப்போது மாடத்தியின் கை சேலையை மடித்தது.

சேலை பார்க்க வருகிறவர்கள் மடிக்க மாட்டார்கள். முப்பது சேலையைக் குதறிப் போட்டுவிட்டு, வேண்டாம் என்று எழுந்து போவார்கள். மடிக்கிறது எங்கள் வேலை. மாடத்தி முந்தியை உள்ளே கொடுத்து, கரையோடு கரை சேர்த்து நாலாக மடித்து, மேலே ஒரு தட்டுத் தட்டி என் பக்கம் நகர்த்தினாள். இத்தனைக்கும் அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. பயத்தில் ஆபீசரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மோளே, எத்தற நாளாயி இவிடெ?"

மாடத்தி அழ ஆரம்பித்துவிட்டாள்.

"பேடிக்கண்டா. இனி வீட்டில் போகாம்" என்றார் அவர். வீட்டுக்குப் போகலாம் என்றதும் அவள் இன்னும் அழுதாள்.

"மேடம், வீட்டுக்கு மட்டும் அனுப்பிராதீங்க" என்றேன் நான். மேலே சொல்வதற்குள் அவர், பேசாதே என்று கையைக் காட்டினார்.

"நிங்ஙள் மிண்டண்டா."

என் மேல் கடைக் கோட்டு இருந்தது. கடைக்காகப் பேசுகிறேன் என்று நினைத்தார். அவரைத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை. அவளுடைய காலைப் பார்த்துவிட்டு, தன் பாட்டிலில் இருந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்துத்தான் கூட்டிப் போனார். அதற்கப்புறம் அவளை ஒரு ஹோமில் வைத்திருந்தார்கள். அப்பா வந்தார், அழுதார், படிக்க வைக்கிறேன் என்றார், பிள்ளையை அவரோடு அனுப்பினார்கள். பக்கத்திலேயே அப்பா உட்கார்ந்திருக்கும்போது அவள் வாயைத் திறந்து என்ன சொல்லியிருப்பாள்? கடைக்கு அபராதம் போட்டார்கள். பதினெட்டு ஆகாதவர்கள் இங்கே வேலைக்கு இல்லை என்று போர்டும் வைக்கச் சொன்னார்கள், அடியில் ஆபீஸ் நம்பரோடு.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வேலை பார்த்த பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் முகூர்த்தப் பட்டு கடையின் பொறுப்பு. ஊரில் பேச்சு வந்துவிடக்கூடாது என்று அண்ணாச்சி அதில் குறை வைக்க மாட்டார். தை பிறந்து கொஞ்ச நாளில் மாடத்தி படியேறி வந்தாள். அவளுக்குப் பின்னால் அப்பா, அவருக்குப் பின்னால் வன்னியபெருமாள். வேலைக்குச் சின்னப் பிள்ளையாக இருந்தவள் அதற்குள் கல்யாணத்துக்குப் பெரியவளாகிவிட்டாள். ரெஜியே நாற்காலியை இழுத்துப் போட்டான்.

பாத்ரூம் என்று சொல்லிவிட்டுக் கீழே ஓடி, லாக்கரில் இருந்து போனை எடுத்து, போர்டில் இருந்த நம்பருக்கு அடித்தேன். ஷிஜா மேடத்திடமே கொடுத்தார்கள். இந்தத் தடவை முழுக்கச் சொன்னேன்.

"அன்னு எந்தா பறயாஞ்ஞது?" என்று கேட்டார்.

அன்றைக்குச் சொல்ல விடவில்லையே மேடம் என்றேன். அவருக்குக் குரல் இறங்கிவிட்டது. கல்யாண விஷயம் தன் ஆபீசில் இல்லை, குழந்தைகளைப் பார்க்கிறவர்களை உடனே அனுப்பச் சொல்கிறேன், பார்டர் கடந்துவிட்டால் கஷ்டம் என்றார். "அவர் வருந்நது வரெ குட்டியெ அவிடெ இருத்தணும்."

அவர்கள் வரும்வரை பிள்ளையை உட்கார வைக்கவேண்டும், அவ்வளவுதான். அந்த வேலை எனக்குத் தெரியும். மேலே வந்து அரக்கு, மாம்பழம், மயில்கழுத்து என்று அலமாரியையே இறக்கினேன். இந்தக் கரை மெலிசு, அந்த முந்தி மங்கல் என்று நானே குறை சொல்லி அடுத்ததை எடுத்தேன். அவிழ்க்கிற சாக்கில் குனிந்து, "மேடத்துக்குச் சொல்லிட்டேன், எந்திரிக்காத" என்றேன். மாடத்தி என்னைப் பார்த்தாள். பிறகு முன்னால் கிடந்த சேலையை எடுத்து மடித்தாள்.

முந்தியை உள்ளே கொடுத்து, கரையோடு கரை சேர்த்து, ஒரு தட்டுத் தட்டி என் பக்கம் நகர்த்திவிட்டுப் படிக்கட்டைப் பார்த்தாள். யாரும் வரவில்லை. இன்னொன்றை எடுத்தாள். அன்றைக்கு மடித்ததற்குத்தானே வந்து பிடித்தார்கள்? நான் அவிழ்க்க அவிழ்க்க அவள் மடித்தாள், ஒவ்வொன்றுக்கும் படிக்கட்டைப் பார்த்தாள்.

"ஏட்டி, ஒனக்கு எதுக்கு அந்த வேல? அதுக்குத்தான் அவிய இருக்காவல்லா" என்றார் அப்பா.

"ரெயிலுக்கு நேரமாச்சு மச்சான்" என்று வன்னியபெருமாள் எழுந்தான். மேலாக இருந்த அரக்கை அவனே எடுத்து ரெஜியிடம் கொடுத்தான். இன்னும் நல்லது உள்ளே இருக்கிறது என்றேன். யாரும் கேட்கவில்லை.

மைக் கரகரத்தது. மாடத்தியின் கை அப்படியே நின்றது. தண்ணீர் கேட்கட்டும், கடவுளே, ஒரு தடவை தண்ணீர் கேட்கட்டும் என்று நான் நின்றேன்.

"கல்யாணப் பார்ட்டி கீழே வரவும். பில் ரெடி."

மாடத்தி கையிலிருந்த சேலையை மடித்து முடித்து, ஒரு தட்டுத் தட்டி என் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்தாள்.